நட்சத்திரம் போட்ட படங்கள்

"ப. 212. 2017.10.07. குத்துவிளக்கு. பாரம்: ஒரு தாலந்து. உயரம்: தெரியாது. படம் ஊகம்."

இது ஒரு துண்டுச் சீட்டில் உள்ள வாசகம். பழைய பில் புத்தகத்தின் தாளைக் கத்தரித்து, அதன் பின்பக்கத்தில் நீல மையால் எழுதி, ஒரு தடித்த ஆங்கில வேதாகம அகராதியின் 212ஆம் பக்கத்தில் பசை தடவி ஒட்டியிருக்கிறது. பக்கத்துக்குப் பக்கம் வண்ணப்படம் உள்ள அகராதி அது. இந்தச் சீட்டைப் போல வேறு நூற்றுப் பதினேழு சீட்டுகள் அதில் உண்டு. இரண்டு முறை எண்ணிப் பார்த்துவிட்டேன். எல்லாவற்றிலும் பக்க எண், திகதி, பொருள், முடிவு என்று ஒரே ஒழுங்கு.

212ஆம் பக்கச் சீட்டில் மட்டும் கீழே இன்னொரு வரி இருக்கிறது. அதற்குத் திகதி இல்லை. அந்த ஒரு வரிதான் ஒரு வருடத்துக்கு மேலாக என்னைத் தொந்தரவு செய்துகொண்டிருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் எழுதியவரைச் சொல்ல வேண்டும்.

அவருடைய பெயரை எழுதப்போவதில்லை. உயிரோடு இருந்தபோதே தன் பெயர் அச்சில் வருவதை விரும்பாதவர். மஹய்யாவையில் எங்கள் கிறிஸ்தவ சபையில் எல்லோரும் அவரைப் 'பார்ட்ஸ் அண்ணன்' என்றுதான் அழைத்தோம். கண்டி டவுனில் வாகன உதிரிப்பாகக் கடை ஒன்றில் முப்பது வருடத்துக்கு மேல் ஸ்டோர் பொறுப்பில் இருந்தார். கடை அக்குறணையைச் சேர்ந்த ஒரு ஹாஜியாருடையது.

நான் அவரை முதலில் பார்த்தது சபைக் கோயிலில் அல்ல, அந்தக் கடையில்தான். என் பழைய காருக்கு ஃபேன் பெல்ட் வாங்கப் போயிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு த்ரீவீல்காரர் நின்றார்.

"அண்ணே, அந்த கியர் கேபிள் பக்கத்துல ஒரு சின்ன கொக்கி மாதிரி வரும்ல, அது ஒண்ணு."

"வாயால சொல்லாதீங்க. காட்டுங்க."

பாகப் பட்டியல் புத்தகத்தைத் திருப்பி அவர் பக்கம் வைத்தார். ஓர் என்ஜினைப் பிரித்துப் போட்டு, ஒவ்வொரு துண்டுக்கும் எண் கொடுத்து வரைந்த படம்.

"அண்ணே, ஒங்களுக்குத் தெரியாததா? அந்தக் கொக்கிதான்."

"கொக்கி பதினாறு வகை இருக்கு. நீங்க காட்டுங்க, நான் எடுத்துத் தாறேன்."

த்ரீவீல்காரர் சலித்துக்கொண்டு விரலை வைத்தார். இவர் அந்த எண்ணைப் படித்தார், உள்ளே போனார், கொண்டுவந்தார், படத்தின் மேல் அந்தப் பொருளை வைத்துப் பார்த்தார், பிறகுதான் கொடுத்தார். என் முறை வந்தது. பெல்ட்டின் எண்ணை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். தாளைப் பார்த்துவிட்டு என்னையும் பார்த்தார்.

"இத யாரு எழுதினது?"

"நான்தான்."

"எதப் பார்த்து?"

"பழைய பெல்ட்டைப் பார்த்து."

"பழைய பெல்ட்டு சரியான பெல்ட்டுன்னு யாரு சொன்னது?"

அன்று வெறுங்கையோடு திரும்பினேன். எரிச்சல் வந்தது என்பது உண்மை. ஆனால் பிறகு யோசித்துப் பார்த்தால், வரலாறு தேடுகிற நானும் ஒரு கல்வெட்டையோ பழைய பதிவையோ பார்க்கும்போது கேட்கிற கேள்வி அதுதான். எங்கள் நட்பு அந்த எரிச்சலில் தொடங்கியது.

ஹாஜியாரோடு அவருக்கு நடந்த ஒரு வாக்குவாதத்தையும் இங்கே பதிய வேண்டும். கடையின் கீழ்த்தட்டில் ஒரு பெட்டி நிறையப் பாகங்கள் கிடந்தன. ஜப்பானிலிருந்து வந்த பழைய என்ஜின்களோடு சேர்ந்து வந்தவை. எண் தேய்ந்துபோயிருந்தது. இவர் அவற்றை விற்க மாட்டார்.

"அதுல நம்பர் இல்லாட்டி என்ன? வேல செய்யுதே! பில்லுல 'நம்பர் இல்ல, வேல செய்யும்' எண்டு எழுதிக் குடுங்களேன்" என்றார் ஹாஜியார்.

"நீங்க எழுதிக் குடுங்க முதலாளி. என் கையால அத எழுத மாட்டேன்."

"பாத்தீங்களா தம்பி" என்று ஹாஜியார் என் பக்கம் திரும்பினார். "நான் முதலாளியா, இவர் முதலாளியா? நீங்களே சொல்லுங்க."

அந்தப் பெட்டி நான் போகும்போதெல்லாம் அங்கேயே இருந்தது.

இதே பார்ட்ஸ் அண்ணன் 2011இல் சனிக்கிழமை மாலை வேத வகுப்பைப் பொறுப்பெடுத்தார். பெரியவர்களுக்கான வகுப்பு. பதினொரு பேர். அவர்களில் ஏழு பேர் மாநகர சபையில் தெருக் கூட்டும் வேலை பார்த்த பெண்கள். விடியற்காலையில் வேலைக்குப் போய், மத்தியானம் திரும்பி, குளித்து, நான்கு மணிக்கு வந்து உட்காருவார்கள். ஆறு பேருக்கு வாசிக்கத் தெரியாது. அதுவரை அந்த வகுப்பை நடத்திய போதகர்கள் ஒரு வசனத்தை வாசிப்பார்கள், விளக்குவார்கள், ஜெபித்து முடிப்பார்கள். அந்தப் பெண்கள் தலையை ஆட்டிவிட்டுப் போவார்கள். சபைக்காக நான் எழுதிவரும் கூட்டக் குறிப்பேட்டில் அந்த வருடங்களுக்கு 'வகுப்பு நடந்தது' என்பதற்கு மேல் எதுவும் இல்லை.

இவர் முதல் வகுப்புக்கு அந்த அகராதியோடு வந்தார். சந்தைக்குப் பக்கத்தில் நடைபாதையில் பழைய புத்தகம் விற்கிறவரிடம் வாங்கியது. முன்பக்கம் நான்கு தாள்கள் கிழிந்துபோயிருந்தன. இது முக்கியம், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடையில் கிரீஸ் பட்ட கையை முதலில் மண்ணெண்ணெயாலும் பிறகு சவர்க்காரத்தாலும் கழுவி, துணியால் துடைத்து, அதன் பிறகுதான் புத்தகத்தைத் தொடுவார். மேசையில் தேநீர் வைக்க யாருக்கும் அனுமதி இல்லை. போதகருக்கும் இல்லை.

"வாயால சொல்லாதீங்க. காட்டுங்க." அங்கேயும் அதே பேச்சுத்தான்.

வாசிக்கத் தெரியாதவர்களுக்கு அந்த ஒரு வாக்கியம் என்ன செய்தது என்பதை நான் கண்ணால் பார்த்தேன். முன்பு கேள்வி கேட்டால் தலையைக் குனிந்தவர்கள், இப்போது எழுந்து மேசைக்குப் போய் விரலை வைத்தார்கள். பாக்கியம் அக்காதான் முதலில் எழுந்தவர். ரயில்வே ஸ்டேஷன் பக்கத்துத் தெருக்களைக் கூட்டுகிறவர். குரல் பெரியது, சிரிப்பு அதைவிடப் பெரியது. ஆனால் கோயிலுக்குள் மட்டும் வாய் திறக்க மாட்டார்.

யாத்திராகமப் புத்தகத்தில் வரும் வழிபாட்டுக் கூடாரத்தை, அதாவது ஆசரிப்புக் கூடாரத்தைப் பற்றிய பாடத்தில் ஏழு கிளைகள் கொண்ட விளக்கின் படம் வந்தது. பாக்கியம் அக்கா அதன் மேல் விரலை வைத்து நெடுநேரம் பார்த்தார்.

"இதுவா குத்துவிளக்கு? நான் எங்க அம்மா வீட்டுல ஏத்துவாங்களே, அதுன்னுல்ல நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

"அதுக்குத்தான் படம்" என்றார் இவர். அவ்வளவு திருப்தியான முகத்தை நான் அதற்குப் பிறகு அவரிடம் பார்த்ததில்லை.

ஆனால் நல்லதை மட்டும் எழுதினால் அது பதிவு ஆகாது. அவரோடு வேலை செய்வது ஒரு தண்டனை. பாடத்திட்டம் என்று ஒன்று இருந்தது. அதை நானே தட்டச்சு செய்து ஒவ்வொரு தை மாதமும் அவர் கையில் கொடுப்பேன். அவர் அதை மடித்துச் சட்டைப் பையில் வைப்பார், அதோடு சரி. படத்தில் இருக்கிற ஒரு பொருளின் அளவு தெரியாமல் அடுத்த வசனத்துக்குப் போக மாட்டார். களத்து மேட்டில் ஐந்து வாரம். திரிகையில் மூன்று வாரம். கூடாரத்தின் முற்றம் நூறு முழத்துக்கு ஐம்பது முழம் என்றிருப்பதால், கயிறு பிடித்துக் கோயில் வளவில் அளந்து காட்டினார். கயிறு மதிலைத் தாண்டி, சாக்கடைக் கானைத் தாண்டி, பக்கத்து வீட்டுக் கோழிக்கூட்டில் போய் நின்றது. அந்த வீட்டு அம்மா சிங்களத்தில் என்னென்னவோ கேட்டார். இவர் அவருக்கும் முழம் என்றால் என்ன என்று விளக்கினார்.

யாத்திராகமத்தை விட்டு வெளியே வர எங்களுக்குப் பதினான்கு மாதம் பிடித்தது. புத்தகத்தின் மற்றப் பகுதிகளுக்குப் போய்வந்துவிட்டு 2017இல் மறுபடியும் யாத்திராகமத்துக்கே திரும்பினார். போதகர் என்னிடம் முறையிட்டார். நான் அவரிடம் முறையிட்டேன்.

"அண்ணே, கொஞ்சம் வேகமாப் போகலாமே."

"தம்பி, நான் ஒரு தடவ வாய்ச்சொல்லக் கேட்டு ஒரு பிரேக் சீல் எடுத்துக் குடுத்தேன். லொறிக்கு."

"அப்புறம்?"

"அப்புறம்தான் படத்தக் காட்டச் சொல்லத் தொடங்கினேன்."

அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

இனி நட்சத்திர விஷயம். அந்த அகராதியில் சில படங்களுக்குக் கீழே மூலையில் சின்னதாக ஒரு நட்சத்திரக் குறி இருந்தது. எல்லாப் படத்துக்கும் இல்லை, சிலவற்றுக்கு மட்டும். அவருடைய பாகப் பட்டியலிலும் நட்சத்திரக் குறி உண்டு. அங்கே அதற்கு, 'இந்தப் பாகம் எல்லா மொடலுக்கும் பொருந்தும்' என்று அர்த்தம். உதிரிப்பாகக் கடையில் அதைவிட நம்பகமான சாமான் கிடையாது. ஆகவே அகராதியிலும் நட்சத்திரம் போட்ட படங்கள்தான் மிக உறுதியானவை என்று எடுத்துக்கொண்டார். ஆறு வருடம் அப்படியே கற்பித்தார். "இது ஸ்டார் போட்டது. இதுல சந்தேகமே இல்ல" என்பார். நானும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு குறியின் விளக்கம் எங்கே என்று தேடுவது என் பழக்கம். இவர் விஷயத்தில் மட்டும் தேடவில்லை. அவர் சரிபார்க்காமல் எதையும் சொல்ல மாட்டார் என்று நினைத்துவிட்டேன்.

2017இல் சபையின் ஆண்டுவிழாவுக்கு ஒரு வேதாகமக் கண்காட்சி வைப்பதென்று முடிவானது. ஒவ்வொரு வகுப்பும் ஒரு பொருளைச் செய்து, அந்த வகுப்பிலிருந்து ஒருவர் அதைச் சபைக்கு விளக்க வேண்டும். இவருடைய வகுப்பு குத்துவிளக்கை எடுத்தது. விளக்கப்போவது பாக்கியம் அக்கா. அவர் கோயிலில் எழுந்து நின்று பேசப்போகிறார் என்று கேட்டதும் மஹய்யாவையில் அவருடைய வரிசை வீடுகளில் எல்லோருக்கும் செய்தி போய்விட்டது. கூட வேலை பார்க்கும் சிங்களப் பெண்கள்கூட வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அவருடைய மகன் மாத்தளையிலிருந்து லீவு போட்டு வருவதாக இருந்தான். அம்மா கோயிலுக்குப் போய்ச் சும்மா உட்கார்ந்துவிட்டு வருகிறாள் என்று கேலி பேசுகிற மகன்.

விளக்கைச் செம்பு பிரேக் பைப்பில் வளைப்பது என்று இவர் தீர்மானித்தார். ஹாஜியாரிடம் கேட்டபோது நானும் இருந்தேன்.

"மூஸா நபிட காலத்து வெளக்கா? அப்ப பழைய பைப்பத் தொடாதீங்க. உள்ளுக்குப் புதுச் சுருள் இருக்கு, அத எடுங்க. அடிக்குக் கனமா ஒண்டு வேணுமே? ஒரு ஃப்ளைவீல் போடுங்க, அசையாது."

உயரம் வேதத்தில் இல்லை. ஒரு தாலந்து, அதாவது முப்பது கிலோவுக்கு மேல் என்று பாரம் இருக்கிறது, கிளைகளின் எண்ணிக்கை இருக்கிறது, மொட்டும் பூவும் இருக்கின்றன. உயரம் மட்டும் இல்லை. ஆனால் படத்தில் விளக்குக்குப் பக்கத்தில் ஓர் ஆசாரியன், அதாவது கூடாரத்தின் பூசகன், நிற்கிறான். இவர் கலிப்பர் வைத்து ஆசாரியனை அளந்தார், விளக்கை அளந்தார், ஆசாரியனுக்கு ஐந்தரை அடி என்று வைத்துக் கணக்குப் போட்டார். ஐந்து அடி ஓர் அங்குலம் வந்தது. அதே அளவுக்கு வளைத்தார். மேலே ஏழு சின்னக் கிண்ணம், திரி, தேங்காய் எண்ணெய். கடையின் பின்புறத்தில் ஒரு மாலை ஏற்றிப் பார்த்தோம். பாக்கியம் அக்கா தன் பேச்சைச் சொல்லிக் காட்டினார். நான் அதை எழுதி வைக்கவில்லை. நினைவில் இருப்பது இவ்வளவுதான்: ஜன்னல் இல்லாத கூடாரத்துக்குள்ளே இது ஒன்றுதான் வெளிச்சம், அதை ஒவ்வொரு நாளும் யாரோ ஒருவர் திரி துடைத்து, எண்ணெய் ஊற்றிப் பார்த்துக்கொள்ள வேண்டும், அந்த வேலை அசிங்கமான வேலை, கை கறுக்கும், ஆனாலும் அந்தக் கைதான் கடவுளுக்குப் பக்கத்தில் போகும். சொல்லி முடித்துவிட்டுத் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். ஹாஜியாரும் கல்லாவிலிருந்து எழுந்து வந்து கேட்டார்.

அடுத்தது என் பங்கு. செப்டெம்பர் மாதம் வேறு ஒரு வேலையாக ஒரு நூலகத்துக்குப் போனேன். அங்கே அதே அகராதி, தாள் கிழியாத பிரதி. முன்பக்கத்தில் குறிகளின் விளக்கம் இருந்தது. நட்சத்திரம்: ஓவியரின் கற்பனைப்படி வரைந்தது, ஆதாரம் இல்லை.

அந்தத் தாளைப் போட்டோகொப்பி எடுத்தேன். நான் செய்திருக்க வேண்டியது, கண்காட்சி முடியும்வரை அதை மேசை லாச்சியில் வைத்திருப்பது. அல்லது அவரைத் தனியே கூப்பிட்டுச் சொல்வது. நான் செய்தது, செப்டெம்பர் 20ஆம் திகதி ஆசிரியர் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் தாளை அவர் முன் வைத்தது. ஒரு பிழையைக் கண்டுபிடித்த சந்தோஷம் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் சொல்ல முடியாது.

அவர் தாளைப் படித்தார். மூன்று முறை படித்திருப்பார். புத்தகத்தைத் திறந்து, 212ஆம் பக்கத்துக்குப் போய், நட்சத்திரத்தின் மேல் விரலை வைத்தார்.

"ஆறு வருஷம்" என்றார்.

"அண்ணே, இது பெரிய விஷயமில்ல. ஒரு சின்ன அட்டையில 'உயரம் ஊகம்'னு எழுதி வச்சாப் போதும்."

"அளவு தெரியாத சாமானக் கடையில வைக்க மாட்டேன். கோயில்ல வைப்பேனா?"

"பாக்கியம் அக்கா பேசுறதுக்கு..."

"பேசட்டும். வெளக்கு வராது."

விளக்கு இல்லாமல் என்ன பேசுவது? போதகர் கெஞ்சினார். ஹாஜியார்கூடச் சொல்லிப் பார்த்தார். கண்காட்சிக்கு முதல்நாள் சனிக்கிழமை இரவு எட்டு மணிக்குள் விளக்கைக் கேட்டு எனக்கு மூன்று தொலைபேசி அழைப்பு. எதுவும் நடக்கவில்லை. விளக்கு கடையின் பின்புறத்தில் கோணிச் சாக்குக்குள் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பாக்கியம் அக்கா மாம்பழ நிறச் சேலை கட்டிக்கொண்டு வந்தார். யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. பார்ட்ஸ் அண்ணன் சொல்வார் என்று நான் இருந்தேன், நான் சொல்வேன் என்று அவர் இருந்திருக்க வேண்டும். வகுப்புக்கு ஒதுக்கிய மேசை வெறுமையாக இருந்தது. வெள்ளை விரிப்பு மட்டும்.

"வெளக்கு எங்க அண்ணே?"

"அக்கா, அந்த உசரத்துக்கு ஆதாரம் இல்ல. படம் ஊகம். நான்தான் பிழையாச் சொல்லிக் குடுத்துட்டேன். மன்னிக்கணும்."

பாக்கியம் அக்கா அந்த விரிப்பைப் பார்த்தார்.

"நான் ஒசரத்தச் சொல்லவா வந்தேன்? வெளிச்சத்தத்தானே சொல்ல வந்தேன்."

பின்வரிசையில் நான்கு சிங்களப் பெண்களும் மகனும் உட்கார்ந்திருந்தார்கள். பாக்கியம் அக்கா அவர்களிடம் போய் ஏதோ சொன்னார். ஆறு பேரும் எழுந்து வெளியே போனார்கள். மகன் வாசலில் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை. அவனை அல்ல, எங்களைச் சொல்கிறேன்.

அதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. இவர் வகுப்பை நிறுத்திவிட்டார். ஒவ்வொரு நட்சத்திரப் படத்தையும் சரிபார்த்து, எது வேதத்தில் இருக்கிறது, எது ஓவியர் சேர்த்தது என்று சீட்டு ஒட்டி முடிக்கும்வரை யாருக்கும் எதையும் கற்பிக்க மாட்டாராம்.

"எவ்வளவு நாளாகும் அண்ணே?"

"முடியும்வரைக்கும்."

"அதுக்குள்ள வகுப்புக்கு ஆளே இருக்காது."

"தப்பான சாமான வாங்கிட்டுப் போறதவிட வெறுங்கையோட போறது நல்லது தம்பி."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "வெறுங்கையோட போனவங்க யாருன்னு தெரியுமா ஒங்களுக்கு? வாசிக்கத் தெரியாத ஆறு பேர். ஒங்க படத்த விட்டா அவங்களுக்கு வேற வழி இல்ல."

"அதனாலதான்" என்றார். "வாசிக்கத் தெரிஞ்சவன் நான் சொன்னத எங்கயாவது போய்ப் பாத்துக்குவான். அவங்க எங்க போய்ப் பாப்பாங்க?"

இதற்கு நான் பல பதில்களைப் பிறகு யோசித்திருக்கிறேன்.

வகுப்பு எட்டு மாதம் நடக்கவில்லை. மறுபடி தொடங்கியபோது மூன்று பேர் வந்தார்கள். பாக்கியம் அக்கா வரவில்லை. சீட்டுகள் ஒட்டியபின் அவர் கற்பித்த விதமும் மாறிவிட்டது. ஒரு படத்தைக் காட்டுவார், உடனே அதில் எதெல்லாம் தெரியாது என்று சொல்லத் தொடங்குவார். ஆசாரியனின் செருப்பு தெரியாது. கூரையின் நிறம் தெரியாது. விரலை வைக்க எவருக்கும் தைரியம் வரவில்லை. 2020இல் கொரோனாவால் கோயில்கள் மூடப்பட்டதோடு அதுவும் நின்றது. அவர் கடையிலிருந்தும் ஓய்வு பெற்றார்.

2022 ஜனவரி முதல் மே வரை நான் கொழும்பில் மகள் வீட்டில் இருந்தேன். கண் சத்திரசிகிச்சை. அந்த ஐந்து மாதத்துக்குச் சபையின் குறிப்பேடு எழுதப்படவில்லை. நான் எழுதாவிட்டால் வேறு யாரும் எழுதுவதில்லை என்பது எங்கள் சபையின் நிலைமை.

அவர் 2023இல் காலமானார். அவருடைய மகள் அகராதியை என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார். "அப்பா ஒங்ககிட்டதான் குடுக்கச் சொன்னாரு. 'அவன் சரிபாப்பான்'னாரு."

விளக்கைப் பற்றிக் கேட்டேன். வீட்டில் இல்லை என்றார். ஹாஜியாரிடம் கேட்டேன்.

"அந்த மின்வெட்டு நாள்ல ஒரு நாள் அந்தியில வந்து சாக்கோட தூக்கிட்டுப் போனாரே. த்ரீவீல்ல வெச்சுக் கட்டினது நான்தான். 'எங்க?' எண்டு கேட்டேன். 'அசர் நேரம் பிந்துது, போங்க முதலாளி' எண்டாரு. எனக்கே தொழுக நேரம் சொல்றாரு மனுஷன்!"

எந்தத் திகதி என்று ஹாஜியாருக்குத் தெரியவில்லை. நாடு முழுக்கத் தினமும் கரண்ட் வெட்டிய 2022இல், பெப்ரவரியாக இருக்கலாம், மார்ச்சாகவும் இருக்கலாம். கோயில் காவலாளியைக் கேட்டேன். கரண்ட் இல்லாத ஒரு சனிக்கிழமை மாலை மண்டபத்தில் வெளிச்சம் இருந்தது, ஏழெட்டுப் பேர் இருந்தார்கள், ஒரு பொம்பளையின் குரல் கேட்டது என்றார். மெழுகுதிரியாகவும் இருக்கலாம் என்றார். குரல் யாருடையது என்று சொல்ல அவரால் முடியவில்லை.

பாக்கியம் அக்கா வேலையிலிருந்து ஓய்வு பெற்று, மகனோடு பல்லேகலவில் இருக்கிறார். தேடிப் போனேன். முன் அறையில் கதிரை போட்டு உட்கார வைத்தார், தேநீர் கொடுத்தார். மகன் வீட்டில் இல்லை. விஷயத்தைச் சொல்லிக் கேட்டேன்.

"ஒங்க நோட்டுல இருக்கா சேர்?"

"இல்லக்கா. நான் அப்ப கொழும்புல."

"அப்ப நடக்கலன்னு எழுதிக்குங்க." அதே பெரிய சிரிப்பு.

"அக்கா, விளையாடாதீங்க. எனக்கு ஒரு திகதி தெரிஞ்சாப் போதும்."

"திகதி தெரிஞ்சு என்ன செய்யப் போறீங்க? அன்னைக்கு ஒரு தாளக் கொண்டாந்து போட்டீங்களே, அதுலயும் எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு."

நான் தேநீரைக் குடித்து முடித்தேன். படலை வரை கூட வந்தார்.

"அதோட ஒசரம் என்னன்னு இப்பவாவது கண்டுபிடிச்சிட்டாங்களா?"

"இல்லக்கா."

"பரவால்ல" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

வீட்டுக்கு வந்து மறுபடி 212ஆம் பக்கத்தைத் திறந்தேன். 'உயரம்: தெரியாது. படம் ஊகம்' என்பதற்குக் கீழே, அதே நீல மை, வயதான கையின் நடுக்கம். மற்றச் சீட்டுகளோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுவிட்டேன். அவருடைய கைதான். அதில் சந்தேகம் இல்லை. இரண்டே சொல்.

"வேலை செய்யும்."

நூற்றுப் பதினெட்டுச் சீட்டுக்குத் திகதி போட்டவர் இந்த ஒரு வரிக்குப் போடவில்லை. 2022 மின்வெட்டுக்கு முன்பு எழுதியதா, பின்பு எழுதியதா, அந்த விளக்கு மண்டபத்தில் ஏற்றப்பட்டதா, ஏற்றப்பட்டிருந்தால் அதன் பக்கத்தில் நின்று பேசியது யார் என்பவை இதுவரை உறுதிப்படுத்தப்படவில்லை.